புதுப்பிப்பு: எங்கள் ஒழுங்கைக் கிணற்றுத் தண்ணீர்

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் பழைய பற்றரி உருக்குகிறார்கள், கிணற்றில் ஈயம் கலந்திருக்குமோ என்று முன்பு எழுதியிருந்தேன். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்த்தார். சோடாப் போத்தலில் தண்ணீர் எடுக்க விடவில்லை. ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம்; நைத்திரிக் அமிலம் விட்ட போத்தல்தான் சரி. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. குடிதண்ணீரில் ஈயத்துக்கு உலக சுகாதார அமைப்பின் வரம்பு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம். கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், ஈயம் அப்படியே நிற்கும்.

எனக்கென்னவோ கிணற்றைவிட மண்ணில்தான் சந்தேகம். கச்சான் காற்று அடித்தால் முருங்கை இலையெல்லாம் சாம்பல் தூசி. முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளைக் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். அப்புறம், அந்தப் பற்றரி உருக்கும் இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.