ஏராவை ஒட்டிய விரிசல்: அரைத்தெடுத்துக் கட்டுவதா, மேலே ஒட்டுவதா?

தரங்கைக் கடல்:
எங்களுடையது 28 அடி ஃபைபர் போட்டு. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வழங்கப்பட்டவற்றில் ஒன்றை இன்னொருவரிடமிருந்து வாங்கினோம். பக்கவாட்டில் பல இடங்களில் சிலந்திவலை போல மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. அவற்றைவிட எனக்குக் கவலை தருவது, அடிப்பாகத்தில் ஏராவுக்கு (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) இடப்புறமாக, நடுக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஒரு முழ நீளம் ஓடும் விரிசல்தான். கரையில் ஏற்றி வைத்த பிறகும் அந்த இடத்தில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறது. வெளியே மூன்று மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதும் என்கிறது ஒரு பட்டறை. விரிசலை முழுக்கக் கிரைண்டரால் அரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார் என் மைத்துனர். தொழிலுக்குப் போகாமல் நீண்ட நாள் இருக்க முடியாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி, கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பைக் கழற்றினால் குறுக்குவெட்டு கண்ணுக்கே தெரியும். 2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கடற்கரை முழுவதும் புதிய பட்டறைகள் முளைத்தன. கொடுக்க வந்தவர்கள் அவசரப்படுத்த, அச்சிலிருந்து போட்டுகள் வரிசையாக இறங்கின. நன்றாகக் கட்டப்பட்டவை அவற்றில் உண்டு. ஆனால் அடியில் கூடுதலாகப் போட வேண்டிய அடுக்குகளைப் போடாமலே விட்டவற்றையும் நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடத்தை அரைத்து இன்னும் மெலிய வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்து, உள்ளும் புறமும் மேட் ஒட்டித் தடிமனைக் கூட்டுவதே பாதுகாப்பு. பக்கவாட்டுக் கீறல்களுக்குப் பட்டியும், ஜெல்கோட் என்ற நிற வெளிப்பூச்சும் போதும்.

கலம்கட்டி:
தடிமனைப் பற்றி ஐயா சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. இங்கே இருப்பவை இரு வேறு விரிசல்கள். ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதில் கண்ணாடி இழை இல்லாததால், அடிபட்டாலோ வளைந்தாலோ அதுதான் முதலில் வெடிக்கும். பக்கவாட்டுக் கீறல்கள் அத்தோடு நின்றிருக்கலாம். நின்றனவா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கீறலின் மேல் மார்க்கர் மையைத் தடவி, துணியால் துடைத்துவிட்டு, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஜெல்கோட்டின் நிறம் போய், பச்சை சாயலில் கண்ணாடி மேட் தெரியத் தொடங்கும்போது மைக்கோடும் மறைந்துவிட்டால் அது தோல் கீறல். கோடு தொடர்ந்தாலோ, அந்த இடத்தில் இழை வெளுத்துத் தெரிந்தாலோ, அடுக்கே உடைந்திருக்கிறது.

ஏராவை ஒட்டிய விரிசலுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை, ஏனெனில் கரையேறிய பிறகும் ஈரம் கசிகிறது என்றால் நீர் அடுக்குகளுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். சிறிய சுத்தியலின் கைப்பிடியால் விரிசலைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். கண்ணில் படும் கோட்டைவிடப் பிரிந்திருக்கும் பரப்பு பல நேரம் அகலமாகவே இருக்கும். அதன் மேல் மேட் ஒட்டினால், ஒட்டு பிடித்துக்கொள்வது ஏற்கெனவே விட்டுப்போன அடுக்கைத்தான். போட்டு கட்டிய பழைய பாலியெஸ்டர் ரெசின் (இழைகளைப் பிணைக்கும் பிசின்) முழுமையாக இறுகியது. அதன் மேல் இடும் புதிய ரெசின் அதோடு வேதியியல் முறையில் ஒன்றாகிவிடாது, வெறும் பிடிமானத்தால்தான் நிற்கும். ஆகவே பிடிக்கும் பரப்பைக் கூட்ட வேண்டும். தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைப்பது அதற்காகத்தான்.

பட்டறைக்காரன்:
கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடி 6 மில்லிமீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 72 மில்லிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து 144 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட ஆகாது. அந்த அகலம் எனக்குப் பிரச்சினை இல்லை. மணல் கரையில், வெயிலில், கிரைண்டரைப் பிடிக்கும் பையன் சரிவுக்குப் பதிலாகக் குழி தோண்டுவதுதான் பிரச்சினை. ஏராவை ஒட்டி வளைந்த இடத்தில் ஒரு நொடி கை அழுந்தினால் ஓட்டை விழுந்துவிடும். புறத்திலும் மேட் ஒட்டச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அலையில் வந்து மணலில் ஏறும் போட்டுக்கு வெளி ஒட்டின் விளிம்பைக் கரை பிய்த்தெடுத்துவிடுகிறது. உள்ளே நான்கு அடுக்கு போடுங்கள் என்பதே என் யோசனை.

குளச்சல்காரன்:
இருவரும் விரிசலைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த இடத்தில் அது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே? விரிசல் குறுக்குச் சட்டத்தின் கீழே ஓடுவதாகத்தான் தம்பி எழுதியிருக்கிறார். அலையில் போட்டு இறங்கும்போது அடிப்பாகம் முழுவதும் சிறிது வளைந்து கொடுக்கிறது. சட்டத்தின் முனை இருக்கும் இடம் மட்டும் வளைய மறுக்கிறது. வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் கூடி, நாள்பட அங்கேயே உடைகிறது. எங்கள் பக்கம் ஒரு போட்டில் இப்படி வந்த விரிசலை ஒருமுறை அடைத்தார்கள், மறுமுறை தடிமனாக அடைத்தார்கள். மூன்றாவது விரிசல் அந்தத் தடித்த ஒட்டின் விளிம்பிலேயே நேர்கோடாக வந்தது. ஒட்டே இன்னொரு கடினமான முனையாகிவிட்டது. ஆகையால் நான்கு அடுக்கையும் ஒரே அளவில் வெட்டி அடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் மற்றதைவிட இரண்டு விரல் அகலம் மாறுபடட்டும். சட்டத்தின் முனைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள கூர்மையான மூலையைப் பட்டியால் உருட்டி, அதன் மேல் மேட் இழுத்துவிடுங்கள்.

கலம்கட்டி:
இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதற்கில்லை, ஏனெனில் தட்டிப் பார்க்கும்போதே இது தெரிந்துவிடும். ஆனாலும் தக்க நேரத்தில் சொன்னீர்கள். பட்டறை ஐயாவின் அச்சத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. அரைப்பதை உள்ளிருந்து செய்யுங்கள். கிரைண்டரில் சொரசொரப்பான 36 நம்பர் டிஸ்க்கால் உடைந்த அடுக்குகளை மட்டும் சரிவாக எடுத்துக்கொண்டே போய், வெளி ஜெல்கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்தினால், அந்த மெல்லிய வெளித்தோலே அச்சாக உதவும். ஒருவேளை ஓட்டை விழுந்தாலும் வெளியே பாலித்தீன் சுற்றிய பலகையை முட்டுக்கொடுத்தால் போதும். வெளிப்புறக் கோட்டைப் பிறகு V வடிவப் பள்ளமாகத் திறந்து நிரப்பலாம். எடுத்த அளவுக்கு அடுக்குகளைத் திரும்பப் போட வேண்டும்: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று இறுகினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தரும். மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். அதற்கு மேல் ஊற்றினால் நொறுங்கும் தன்மைதான் கூடும். ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றாமல் அடுத்த மேட்டை வைக்காதீர்கள். முதலில் இருப்பதிலேயே அகலமான துண்டை வைப்பது என் வழக்கம், ஏனெனில் சரிவு முழுவதையும் ஒரே துண்டு பிடித்துக்கொள்ளும்.

ஒட்டும் பிசினைப் பொறுத்தவரை, ஏராவை ஒட்டிய இந்த ஓர் இடத்துக்கு மட்டுமாவது பாலியெஸ்டருக்குப் பதிலாக எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின் வாங்குங்கள். பழைய பாலியெஸ்டரைப் பிடிக்கும் வலிமை அதற்கு அதிகம்.

பட்டறைக்காரன்:
உள்ளிருந்து அரைப்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் கரையும் ஒட்டைப் பிய்க்காது, தடிமனும் குறையாது. எபாக்ஸிக்கு நான் இன்னும் எதிரிதான். இங்கே கடையில் கிடைக்கும் மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைந்து மேட்டை இளக வைக்கும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. மேட் விறைப்பாகவே நிற்க, வளைந்த இடத்தில் அடியில் காற்று தங்கும். பசைக்குப் பதிலாக நூலால் இழைகளைத் தைத்த துணி வாங்கினால் சரியாகும் என்பீர்கள். அது நம் ஊர்க் கடையில் எப்போதும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, எபாக்ஸியின் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது; அடுத்த முறை இதே இடத்தைப் பழுதுபார்ப்பவர் பாலியெஸ்டரோடு வருவார், அவருடைய ஒட்டும் நிற்காது. எபாக்ஸியில் அதை இறுக வைக்கும் ஹார்டனரை அளவு தவறிக் கலந்தால் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். பழகிய கைக்குப் பழகிய ரெசினே நல்லது.

கலம்கட்டி:
மேட்டைப் பற்றிச் சொன்னது உண்மை. எபாக்ஸியோடு சாதாரண மேட்டைப் பயன்படுத்துவதைவிடப் பாலியெஸ்டரே மேல் என்று நானும் சொல்வேன். தைத்த துணி கிடைத்தால் எபாக்ஸி என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எதுவானாலும் ஈரத்தின் மேல் ஒட்டாதீர்கள். அரைத்த பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். உலர்ந்ததாகத் தோன்றினால், அந்த இடத்தில் பாலித்தீன் தாளை நாற்புறமும் ஒட்டி ஓர் இரவு வைத்து, காலையில் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தொழில் நாட்களில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறெங்காவது பிடியுங்கள், இதில் வேண்டாம்.

தரங்கைக் கடல்:
இருவருக்கும் குளச்சல் அண்ணனுக்கும் நன்றி. மை தடவிப் பார்த்தேன். பக்கவாட்டில் எல்லாக் கீறல்களும் மறைந்துவிட்டன. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் மூலையில் உள்ள ஒன்று மட்டும் மறையவில்லை. அடியில் தட்டிப் பார்த்ததில் சட்டத்தின் முனை வரை மொத்தென்றுதான் கேட்கிறது. தைத்த துணி கிடைக்காததால் பாலியெஸ்டரிலேயே உள்ளிருந்து கட்டப் போகிறோம்.

பட்டறைக்காரன்:
பின்பலகை மூலையை இப்போதே பாருங்கள், தம்பி. உள்ளே பிளைவுட் இருக்கும். எஞ்சின் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் ஆணியால் குத்துங்கள். மரம் மெத்தென்று இருந்தால் ஏராவுக்கு முன் அதைத்தான் திறக்க வேண்டும். இன்னொன்று: ஆக்சிலரேட்டர் (இறுகுவதை விரைவுபடுத்தும் திரவம்) கலக்காத ரெசின் கொடுத்தால், ஆக்சிலரேட்டரையும், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் ஒரே குவளையில் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, மேட் கையில் தயாராக இருக்கும்போது மட்டும் கேட்டலிஸ்டைச் சேருங்கள்.