முதல் ரிமோட் ஹெலிகாப்டர் எது வாங்கினீர்கள், எவ்வளவு நாள் முழுசாக இருந்தது?

கோவையிலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடும் இடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே கேட்பது ஒரே கேள்விதான்: “சார், முதல்ல எந்த ஹெலிகாப்டர் வாங்கலாம்?” அங்கே நிற்கிற நாங்கள் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறோம். கேட்டவர் குழம்பிப் போய்க் கடைசியில் ட்ரோன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இங்கேயே எழுதி வைத்துவிட்டால் வருகிறவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம். அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். வீடியோவில் பார்த்தது வேண்டாம், சொந்தக் கையில் ரிமோட் பிடித்து ஓட்டியது மட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஹெலிகாப்டரை அது பறக்கிற அழகைப் பார்த்து வாங்கக் கூடாது, விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வாங்க வேண்டும். விழத்தான் போகிறது.

ட்ரோன் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியாது. ட்ரோனில் கட்டைவிரலை எடுத்தால் அது நின்ற இடத்தில் நிற்கும். ஹெலிகாப்டர் அப்படியில்லை. கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் மேல் கோலிக்குண்டை நிறுத்துகிற வேலை அது. நிற்பதுபோல் தெரிகிறதே, அதுவே ஓட்டுகிறவர் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருப்பதால்தான்.

போன கோடையில் ஒரு தம்பி பழைய டி-ரெக்ஸ் 450 ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மெஷின், தைவானின் அலைன் கம்பெனி செய்தது, ஒரு காலத்தில் எல்லாரிடமும் இருந்தது. விற்றவர் நேர்மையாகத்தான் விற்றிருந்தார், செட்டிங்கில் ஒரு குறையும் இல்லை. தம்பி த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டுகிற ஸ்டிக்கை, ஏற்றினார். ஸ்கிட் (கீழே இருக்கிற கால்) புல்லைவிட்டு எழும்புவதற்கு முன்பே வண்டி இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. ட்ரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைத் திருத்துகிற பட்டன்) சரியில்லை என்று நினைத்துக் குனிந்து ரிமோட்டைப் பார்த்தார். அந்த இடைவெளி போதும். இடது ஸ்கிட் ஒரு கல்லில் தடுக்கிச் சாய்ந்தது, பிளேடு மண்ணைத் தொட்டது, அடுத்த கணம் அதே பிளேடு வளைந்து வந்து டெயில் பூமை (வால் தண்டை) வெட்டியது. எழும்பவே இல்லை, ஆனால் செலவு முழுசாக வந்துவிட்டது: மெயின் பிளேடு ஒரு ஜோடி, மெயின் ஷாஃப்ட், பிளேடுகளைத் தாங்குகிற ஃபெதரிங் ஷாஃப்ட், டெயில் பூம், மெயின் கியரில் நாலைந்து பல், பிளேடின் சாய்வை மாற்றுகிற ஒரு சர்வோ மோட்டார்.

அந்த இடப்பக்க நகர்வில் ஒரு கோளாறும் இல்லை. மெயின் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் சின்ன ரோட்டார். அது பக்கவாட்டில் தள்ளுவதால் மொத்த வண்டியும் கொஞ்சம் அந்தப் பக்கம் நழுவும். மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகச் சுற்றுகிற மாடல்கள் இடப்பக்கம்தான் நழுவும், எழும்பும்போதே கொஞ்சம் வலப்பக்கம் பிடிக்க வேண்டும். இதைக் கையில் பழக்கிக்கொள்ள 450 சரியான இடம் இல்லை. அதன் பிளேடு 325 மி.மீ. நீளம், ரோட்டார் விட்டம் 70 செ.மீ.க்கு மேல். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்தால் பிளேடு முனையின் வேகம் மணிக்கு 370 கி.மீ.யைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு நான் இன்னும் ரெண்டு அடி பின்னால் தள்ளி நிற்கிறேன்.

சரி, வேறு எதில் ஆரம்பிப்பது? வி911 மாதிரி ஒற்றை ரோட்டார், நாலு சேனல் (ரிமோட்டிலிருந்து நாலு தனிக் கட்டளை), ஃபிக்ஸ்டு பிட்ச் (பிளேடின் கோணம் மாறாதது) என்பது என் பதில். ஐம்பது கிராம்கூட இருக்காது. சுவரில் மோதினால் பெரும்பாலும் எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம். ஏறுவது இறங்குவது, திரும்புவது, முன்பின் போவது, பக்கவாட்டில் போவது என்று நாலு கட்டளையும் பெரிய ஹெலிகாப்டரில் இருக்கிற அதே இடத்தில் இருக்கும். கற்றது எதுவும் வீணாகாது.

ஒன்று கவனியுங்கள். தரையை ஒட்டி ஓட்டினால் பத்திரம் என்று எல்லாரும் அரையடி உயரத்திலேயே தடுமாறுவார்கள். ரோட்டார் தள்ளுகிற காற்று தரையில் மோதிக் கலங்குகிற இடம் அது. தைரியமாக இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோங்கள், பாதி ஆட்டம் அடங்கிவிடும்.

சென்னையிலிருந்து:

எங்கள் வீட்டில் ஆரம்பித்தது மகள், நான் இல்லை. பர்மா பஜாரில் கோஆக்சியல் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், சைமா எஸ்107 வகை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார், எதிரெதிராகச் சுற்றும். அதனால் உடம்பு சுற்றுகிற பிரச்சினையே கிடையாது, மேலே இருக்கிற குறுக்குத்தண்டு ஆட்டத்தையும் அடக்கிவிடும். பத்து நிமிடத்தில் எட்டு வயதுப் பெண் சோபாவிலிருந்து டீப்பாய்க்குப் பறக்கவிட்டாள். அந்தச் சந்தோஷம் லேசானதில்லை, அண்ணா. நீங்கள் அந்த வகையைப் பேச்சிலேயே எடுக்கவில்லை என்பதால் சொல்கிறேன்.

குறையும் உண்டு. மூன்று சேனல்தான், பக்கவாட்டில் நகர்த்தவே முடியாது. ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் போனால் சொன்னபடி கேட்காது. மொட்டை மாடி ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஏசி காற்றுக்கே ஓரமாக ஒதுங்கும். சீலிங் ஃபேனை நிறுத்தாமல் பறக்கவிடக் கூடாது என்பதை எழுதி ஒட்டியே வைத்திருக்கிறோம்.

அப்புறம் உயரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்கிற நாலு சேனல் ஒன்று வாங்கினோம். காற்றழுத்த சென்சார் உள்ளே இருக்கிறது. ஓட்ட ரொம்ப சுகம். ஆனால் அதில் பழகிய பிறகு சாதா ஹெலிகாப்டரைக் கொடுத்தால் த்ராட்டில் பிடிக்கிற அவளுடைய இடது கட்டைவிரல் வேலையே செய்யவில்லை, ஒன்று கூரையில் முட்டும், இல்லையென்றால் பொத்தென்று விழும். விளையாட்டுக்கு என்றால் அது போதும். பெரிய ஹெலிகாப்டருக்குப் போகிற எண்ணம் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

மதுரையிலிருந்து:

கோவை அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. ஃபிக்ஸ்டு பிட்சில் ரோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏறி இறங்க முடியும். அந்த வேகம் மாறுவதற்கு ஒரு தாமதம் இருக்கிறது. காற்று ஒரு தள்ளு தள்ளி மேலே தூக்கிவிட்டால் சட்டென்று கீழே இழுக்க வழி இல்லை, வேகத்தைக் குறைத்துவிட்டு அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். கலெக்டிவ் பிட்சில் ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும், பிளேடின் கோணம் மாறும். சொன்ன உடனே கேட்கும். அந்தக் கையைப் பிறகு பழகுவதைவிட முதலிலேயே பழகிவிடலாம் என்பது என் வாதம்.

ஆனால் நேராக மெஷினில் இல்லை, சிமுலேட்டரில். பறக்கவிடப் போகிற அதே ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து ரியல்ஃப்ளைட் என்கிற சிமுலேட்டர் மென்பொருளில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். அதில் விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்து நிற்கும், இந்தப் பொழுதுபோக்கில் இலவசமாகக் கிடைப்பது அது ஒன்றுதான். வால் நம்மைப் பார்க்க நிறுத்துவது சீக்கிரம் வந்துவிடும். மூக்கு நம்மைப் பார்க்கும்போதுதான் பரீட்சை. இடது வலதாகும், தள்ளினால் நம்மை நோக்கி வரும், மூளைக்குத் தெரிந்தாலும் விரல் கேட்காது. அது விரலுக்கு வரும்வரை மெஷினை டப்பாவைவிட்டு வெளியே எடுக்கவில்லை.

பிறகு வாங்கியது எக்ஸ்கே கே110. ஆறு சேனல், மெயின் மோட்டார் பிரஷ்லெஸ் (உள்ளே பிரஷ் இல்லாத வகை), ஒரே செல் பேட்டரி. கையை விட்டால் தானாகச் சமநிலைக்கு வருகிற 6ஜி முறையும், அது இல்லாத முறையும் ஒரே சுவிட்சில் மாறும். ஃபுடாபா எஸ்-எஃப்எச்எஸ்எஸ் என்கிற ரேடியோ முறையில் பேசுவதால், சிமுலேட்டரில் பழகிய மல்டி புரோட்டோகால் (பல ரேடியோ முறைகளில் பேசுகிற) ரிமோட்டோடு அப்படியே சேர்ந்துகொண்டது. கோடையில் காய்ந்து கிடக்கிற கண்மாய் எங்கள் பக்கம் நிறைய. ஆளில்லை, மரமில்லை, விழுந்தாலும் புழுதி.

கலெக்டிவ் பிட்சுக்கு வருகிறவர்கள் பழக வேண்டிய முதல் வித்தை பறக்கவிடுவது இல்லை, த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டுவது. வண்டி கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் மோட்டாரை அறுத்துவிட வேண்டும். சுற்றாத பிளேடு தரையில் பட்டால் கீறல், சுற்றுகிற பிளேடு பட்டால் பில். எங்கள் ஆட்களில் நன்றாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால், ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் அந்த சுவிட்சில் விரல் இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்ப்பார்கள்.

திருச்சியிலிருந்து:

நீங்கள் எல்லாரும் மாடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டுப் பணம் கட்டினேன், பார்சல் வரவே இல்லை. பிறகுதான் விசாரித்தேன். 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன்களை முழுசாகவோ, பூட்டத் தயாரான பாகங்களின் தொகுப்பாகவோ இறக்குமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. தனி உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆளில்லாமல் பறப்பது எதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடலாம், ஹெலிகாப்டர் என்று எழுதினால் தப்பிக்கும் என்று நம்ப வேண்டாம்.

அதனால் நான் கடையில் மாடலைக் கேட்பதற்கு முன் “இதுக்கு மெயின் பிளேடு, ஷாஃப்ட், கியர் இருக்கா? எடுத்துக் காட்டுங்க” என்று கேட்கிறேன். காட்டினால் வாங்குவேன். உதிரிபாகம் இல்லாத ஹெலிகாப்டர் முதல் விழுகையோடு ஷோகேஸ் பொம்மை.

2021 ட்ரோன் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிகத்துக்கு இல்லாமல் ஓட்டினால் இந்த ரெண்டுக்கும் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் இடம் முக்கியம். விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது, எங்கள் ஊரில் அது பெரிய பரப்பு. டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசுத் தளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மறுபடி கோவையிலிருந்து:

மதுரைக்காரர் வாதத்தை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சிமுலேட்டரில் அத்தனை ராத்திரி உட்காருகிற பொறுமை உங்களுக்கு இருந்தது. இங்கே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் வாங்கிய அன்று சாயங்காலமே பறக்கவிடுகிற ஜாதி. அவர்களுக்கு வி911 சரி.

சென்னை அம்மா சொன்ன கோஆக்சியலை நான் விட்டது, இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரியவர்கள் என்பதால்தான். குழந்தைகளுக்கு அதுவேதான்.

பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லை. லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும், நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.8-இல் வையுங்கள். பறந்து முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். அப்பளம்போல் உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பழக்கம் போனோடு நிற்கட்டும்.

காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஆடி மாதம் எங்கள் பக்கம் சின்ன ஹெலிகாப்டரை வெளியே எடுக்கவே முடியாது. அம்மியே பறக்கிற மாதம், ஐம்பது கிராம் எம்மாத்திரம். கல்யாண மண்டபம் காலியாக இருக்கிற நாளில் வாட்ச்மேனிடம் கேட்டு உள்ளே ஓட்டுகிறோம்.

கடைசியாக, பழைய ரிமோட் வாங்குகிறவர்களுக்கு. மோட் 1-ஆ, மோட் 2-ஆ என்று கேட்டு வாங்குங்கள். மோட் 2-இல் த்ராட்டில் இடது கையில் இருக்கும், இங்கே பெரும்பாலானவர்கள் ஓட்டுவது அதுதான். ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ரிமோட்டுகள் பல மோட் 1, த்ராட்டில் வலது கையில். ஓட்ட முடியாமல் பாதி வானத்தில் பதறி “சார், பிடிங்க” என்று நீங்கள் நீட்டினால், எங்கள் மைதானத்தில் அதை வாங்கி இறக்கித் தர ஆள் இல்லை.