கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களே, முதல் வேலை எப்படி இருந்தது?

தூத்துக்குடியிலிருந்து

2008இல் நான் கெமிக்கல் எடுத்ததும் சித்தப்பா, "ஆசிட்டை ஊத்தி ஊத்திப் பாக்குற படிப்பா?" என்றார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டாம் வருடத்துக்குள் தெளிந்துவிட்டது: குழாயில் ஓடுவது, சூடாவது, பிரிவது, இவைதான் பாதிப் படிப்பு. நீராவியின் வெப்பம், அழுத்தம் எல்லாம் பட்டியலிட்ட ஸ்டீம் டேபிளைப் புரட்டிப் புரட்டியே என் பிரதி கிழிந்தது.

அப்புறம் ஓர் ஆலையில் டிரெய்னி. முதல் நைட் ஷிப்டில் ஒரு பம்ப், ஜல்லியை அரைப்பதுபோல் சத்தம் போட்டது. பேரிங் போய்விட்டது என்று நான் அடித்துச் சொன்னேன். சீனியர் ஆபரேட்டர் அண்ணாச்சி ஒரு கம்பியை பம்ப் உடலில் வைத்து, மறுமுனையைக் காதோரம் பிடித்துக் கேட்டார். "சக்ஷன் ஸ்ட்ரெய்னரைக் கழட்டிப் பாருங்க தம்பி." பம்ப் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி அது. கழற்றினால் உள்ளே அடைத்துக் கிடந்தது துரு. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்ததால் திரவம் பம்புக்குள்ளேயே ஆவியாகிக் குமிழ்விட்டு, அந்தக் குமிழ்கள் உடைகிற சத்தம் அது. கேவிட்டேஷன்! வைவாவில் இதைச் சூத்திரத்தோடு ஒப்பித்து மார்க் வாங்கியவன்தான் நான். காதில் விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து

எல்லோரும் ரிஃபைனரி, உரம் என்றே பேசுகிறார்கள். எனக்குச் சோறு போடுவது கழிவுநீர். நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்றாகிவிட்டால் சவ்வில் வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று போகத்தான் வேண்டும். அவற்றை ஓட்ட எங்களைப் போன்ற ஆட்களும் வேண்டும். தொடக்கச் சம்பளம் சுமார்தான். அம்மா இன்னும் உறவினர்களிடம் "கம்பெனியில இன்ஜினியர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார், சாயத் தண்ணி என்று வாய் திறக்கமாட்டார்.

முதல் செமஸ்டர்களில் சலிப்பாகப் போட்ட மாஸ் பேலன்ஸ், அதாவது உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாகிறதா என்ற கணக்குதான், இங்கே தினசரி வேலை. சாயமேற்றப் போட்ட சோடியம் சல்பேட் எங்கேயாவது இருந்தாக வேண்டும் இல்லையா? ஒருமுறை கணக்கு ஒரு வாரம் உதைத்தது. ஆபரேட்டர்கள் மேல்தான் சந்தேகப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது. ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சென்னையிலிருந்து

பையன்களிடம், ஆலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் தெரியுமா என்று கேட்ட அதே இன்டர்வியூவில் என்னிடம், "நைட் ஷிப்ட் ஒத்துவருமாம்மா?" என்றார்கள். வரும் என்றேன். கூப்பிடவில்லை. டிசைன் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன், பிடித்துப்போய்விட்டது.

இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று. டி.டபிள்யூ.சிம் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் ஐ.ஐ.டி. பாம்பேயின் ஃபாஸ்ஸி குழு அதில் ஃப்ளோஷீட் (ஆலையின் செயல்முறை வரைபடம்) போட மாணவர்களை ஊக்குவிக்கிறது. இன்டர்வியூவில் காட்ட ஏதாவது கையில் இருக்கும். பொதுத்துறை வேலை ஆசை இருந்தால், அதற்கு மதிப்பெண் பார்க்கப்படும் கேட் தேர்வுக்கு மூன்றாம் வருடத்திலேயே படிக்கத் தொடங்குங்கள். என்னோடு படித்தவர்களில் பலர் ஐ.டி.க்குப் போனார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எனக்கும் ஆஃபர் இருந்தது.

ஆலையில் எதெல்லாம் தவறலாம் என்று அலசும் ஹசாப் கூட்டம், அதில் என் முதல் நாள்: "இந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால்?" என்று கேட்டார்கள். வரைபடத்தைப் பார்த்து நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி நாற்காலியிலிருந்த ஷிப்ட் சூப்பர்வைசர், "போன வருஷம் சிக்குச்சே" என்றார். அன்று மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.