கச்சான் காற்றில் பட்டம் கட்டி வள்ளத்தை இழுக்க வைக்கலாமா?

பணகுடிப் பையன்
நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கீழே வேப்பமரம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், 80 மீட்டர் மேலே ஏறினால் நிற்கவே விடாது. உவரியில் என் மாமா 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மாட்டிய ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். பிடிக்கிற மீனில் பாதி எண்ணெய்க்கே போகிறது என்று தினமும் புலம்பல். உயரத்தில் சும்மா ஓடுகிற அந்தக் காற்றில் ஒரு பெரிய பட்டத்தை விட்டு, கயிற்றை வள்ளத்தின் மூக்கில் கட்டினால் என்ன? 2008-ல் பெலுகா ஸ்கைசெயில்ஸ் என்ற சரக்குக் கப்பல் 160 சதுர மீட்டர் பட்டத்தோடு ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலா போனது. கப்பலையே இழுத்தது வள்ளத்தை இழுக்காதா?

உவரிக்கரை
தம்பி, ஆனி ஆடியில் கச்சான் எங்கிருந்து அடிக்கிறது? மேற்கே, கரைப்பக்கமிருந்து. போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது மூஞ்சியில் அறையும். எண்ணெய் தீர்வதே வருகிற வழியில்தான். ஈர வலை, மீன், ஐஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு காற்றை எதிர்த்து வர வேண்டும். போகும்போது இரண்டு லிட்டர் மிச்சம் பிடித்துவிட்டு, வரும்போது பட்டத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவதா?

பணகுடிப் பையன்
வருஷம் பூராவும் கச்சானா அடிக்கிறது, அண்ணாச்சி? மற்ற மாதங்களில் விடியற்காலைக் கரைக்காற்றில் போய் மத்தியானக் கடல்காற்றில் திரும்பியவர்கள்தானே நம் கட்டுமரக்காரர்கள்? அதோடு, 1903-ல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த சின்னப் படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயையே கடந்திருக்கிறார்.

உவரிக்கரை
சரி, கடந்தார். போன இடத்தில் வலை போட்டாரா? திரும்பி எதில் வந்தார்?

கட்டுமரத்தில் இருந்தது பாய், தம்பி. பக்கத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருப்பார்கள், மரம் ஒதுங்காமல் நேராக ஓடும். ஃபைபருக்கு அடிப்பாகம் தட்டை. குறுக்கே ஒரு பட்டம் இழுத்தால் வள்ளம் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கும்.

கப்பல் இன்ஜினியர் (ஓய்வு)
இரண்டு பேரும் கணக்கைத் தொடவில்லை. காற்று வினாடிக்கு 9 மீட்டர், வள்ளம் அதே திசையில் வினாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்குக் கிடைப்பது மிச்சமுள்ள 6 மீட்டர் காற்றுதான். 10 சதுர மீட்டர் பட்டம் அதில் ஏறக்குறைய 17 கிலோ இழுக்கும். முக்கால் குதிரைத்திறனைத் தொடாது. இதற்கா இவ்வளவு பாடு?

ஆனால் அந்தக் கப்பலில் பட்டத்தைச் சும்மா நிற்க விடவில்லை. வானத்தில் எட்டுப் போட வைத்தார்கள். பட்டம் தானே பாய்ந்து ஓடுவதால் அதன் மேல் படுகிற காற்று கூடும். காற்று இரட்டிப்பானால் இழுவை நாலு மடங்கு. அதே பட்டம் 70 கிலோ இழுத்தால் மூன்று குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கப்பலில் எட்டுப் போட வைத்தது கணினி. வள்ளத்தில் யார், வலை இழுக்கிறவரா?

பட்டத்துக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பாய் உயரத்தில் பிடித்து இழுப்பதால் படகைச் சாய்க்கும். பட்டக் கயிற்றைத் தாழ்வாக மூக்கில் கட்டுவதால் அந்தச் சாய்வு குறைவு. பெரிய கப்பல்காரர்களும் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். பிரான்சின் ஏர்சீஸ் நிறுவனம் 500 சதுர மீட்டர் பட்டம் வரை போனது. ஜப்பானின் கே லைன் கப்பல் நிறுவனம் 2024-ல் அந்தத் தொழிலையே வாங்கியது.

எண்ணெய்தான் கவலை என்றால் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் குறையும். பட்டமும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

உவரிக்கரை
மெதுவாக வந்தால் ஏலம் நமக்காகக் காத்திருக்குமா சார்? முதலில் கரை ஏறுகிற மீனுக்குத்தான் விலை.

கூத்தன்குழி
நான் செய்தே பார்த்துவிட்டேன், சிரிக்காதீர்கள். இரண்டு வருஷம் முன்னால் பழைய கூடாரத் துணியில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டம் தைத்து, 25 பாகம், அதாவது 45 மீட்டர் போல, நைலான் கயிற்றில் விட்டேன். முதல் இருபது நிமிஷம் சொகுசு. இன்ஜின் சத்தத்தைக் குறைத்தும் வள்ளம் அதே ஓட்டம் ஓடியது. மச்சான் பீடி பற்ற வைத்து ராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் காற்று ஒரு மூச்சு நின்றது, அவ்வளவுதான். பட்டம் வள்ளத்துக்கு முன்னால் தண்ணீரில் சப்பென்று விழுந்தது, வள்ளம் அதன் மேலேயே ஏறிப் போனது. கயிறு அடியில் போவதைப் பார்த்து நான் கையை நீட்டினேன், உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். புரொப்பல்லரில் நாலு சுற்று சுற்றி, அதை அச்சோடு பிடித்திருக்கிற ‘பின்’ ஆணி முறிந்தது. நனைந்த துணி கல் மாதிரி கனம், இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. கடைசியில் கத்தியால் அறுத்துவிட்டுத் துடுப்புப் போட்டோம்.

காற்றில் இழுவை இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. காற்று நிற்கிற அந்த அரை நிமிஷத்துக்குத்தான் என்னிடம் வழி இல்லை.

பணகுடிப் பையன்
கயிறு நெடுக மிதவை கோத்து, மூக்கில் ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்குப் போட்டால்? பட்டம் தாழ ஆரம்பித்ததுமே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

கூத்தன்குழி
சுருக்கு நல்ல யோசனை. அது அன்றைக்கு இருந்திருந்தால் கை தப்பியிருக்கும். ஆனால் பக்கத்தில் பத்து வள்ளம் ஓடுகிற இடத்தில் விடாதீர்கள், அவன் இன்ஜினில் மாட்டினால் கரையில் சண்டை.

கப்பல் இன்ஜினியர் (ஓய்வு)
கச்சானில் வேண்டவே வேண்டாம். முதலில் காற்று சீராக இருக்கிற நாளில், காற்றோடு திரும்புகிற வழியில் மட்டும் விட்டுப் பாருங்கள்.

உவரிக்கரை
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன், திரும்புகிற வழி என்று. சரி தம்பி, மாசியில் வா. மத்தியானக் கடல்காற்று ஒழுங்காக வரும், கடலும் சாதுவாக இருக்கும். உன் மாமாவைத் தொந்தரவு பண்ணாதே, வள்ளம் நான் தருகிறேன். எண்ணெய் உன் செலவு.

பணகுடிப் பையன்
எத்தனை லிட்டர் வாங்கி வர, அண்ணாச்சி?

உவரிக்கரை
பட்டம் இல்லாமல் போய்வர எவ்வளவு ஆகுமோ அவ்வளவும் கொண்டு வா. மிச்சம் இருந்தால் நீயே எடுத்துக்கொள்.