ஏழு சுடரா, ஒன்பது சுடரா? பழைய பிரிட்டிஷ் அதிகாரி கோட்டுக்கு பேட்ஜ் தேடிய கதை

போன வருடம் கென்ட் பக்கம் ஒரு சந்தையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அதிகாரி கோட்டு ஒன்று வாங்கினேன். சர்வீஸ் டிரஸ் என்கிற காக்கி ராணுவ உடை. பூச்சி அரிக்கவில்லை, பட்டன் எல்லாம் இருந்தன, பேட்ஜ் மட்டும் ஒன்றுகூட இல்லை. காலரில் ஓட்டை, தோள்பட்டையில் மூன்று நட்சத்திரம் இருந்த தடம். மூன்று என்றால் கேப்டன், அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

விற்றவரே ஒரு டப்பாவைத் துழாவி, எரியும் குண்டு போட்ட காலர் பேட்ஜ் ஜோடி ஒன்றையும் பீரங்கி போட்ட தொப்பி பேட்ஜ் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். பேரம்கூடப் பேசாமல் வாங்கி, வீட்டுக்கு வந்து மாட்டி, போட்டோவும் எடுத்துவிட்டேன்.

அப்புறம் பல வருடமாகச் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸை வைத்து குண்டின் தீச்சுடர்களை எண்ண ஆரம்பித்தார். ஒன்பது. ராணுவப் பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸ் குண்டுக்குத்தான் ஒன்பது சுடர், பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரிக்கு ஏழு. இரண்டிலும் கீழே ‘யுபிக்வே’ (லத்தீனில் ‘எங்கும்’) என்று ஒரே வார்த்தைதான் இருக்கும், அதனால் அவசரத்தில் பார்த்தால் யாருக்கும் குழம்பும். ஆக என் கேப்டன் கழுத்தில் இன்ஜினியர், தலையில் பீரங்கிப் படை! தொப்பி பேட்ஜைப் பார்த்ததும் சிரித்தே விட்டார். கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. அது 1952க்குப் பிறகு எலிசபெத் ராணி காலத்தில் வந்த கிரீடம். அதற்கு முந்தைய மன்னர்கள் காலத்தில் வளைவு குவிமாடம் போல உருண்டு நிற்கும்.

எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, உள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அதிகாரிகள் தங்கள் செலவில் தையல்காரரிடம் தைத்துக்கொள்வார்கள் என்பதால் பெயரும் தேதியும் எழுதிய லேபிள் பல கோட்டுகளில் அங்கே இருக்குமாம். இருந்தது, 1941. அந்தப் பெயரை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டின் பழைய இதழ்களில் தேடினால் ஆர்.ஏ., அதாவது ராயல் ஆர்ட்டிலரி என்றே வந்தது. பட்டனிலும் கிரீடத்துக்குக் கீழே பீரங்கிதான், நான்தான் அதைப் பார்க்கவே இல்லை. பட்டன் பளபளக்க பேட்ஜ் மட்டும் மங்கலாக இருக்கிறதே என்று பிராசோ பாலிஷ் போடப் போனதையும் அவர்தான் தடுத்தார். இந்த உடைக்கு பட்டன் பித்தளை, பேட்ஜ் வெண்கல நிறம், அப்படித்தான் போடுவார்களாம்.

*

உங்களுக்கு சந்தையில் நடந்தது எனக்கு நாடக மேடையில் நடந்தது. 1916இல் நடக்கும் கதை, எங்கள் ஹீரோ கேப்டன். வாடகைக்கு வந்த கோட்டில் சட்டைக்கை மடிப்பில் மூன்று நட்சத்திரம், சுற்றி இரண்டு வரிப் பட்டி. அது சரிதான், காலாட்படையில் அப்போது பதவி கையில்தான் தெரியும். ஆனால் யாரோ புண்ணியவான் தோளிலும் ஒரு நட்சத்திரம் குத்தி அனுப்பியிருந்தார், கையில் கேப்டன், தோளில் செகண்ட் லெப்டினன்ட்! கையில் இருந்தால் எதிரி குறிபார்த்துச் சுடுகிறான் என்று பதுங்குகுழியில் சிலர் தோளுக்கு மாற்றிக்கொண்டது உண்மைதான், ஆனால் அப்படி மாற்றியவர்கள் பதவியையும் குறைத்துக்கொள்ளவில்லை. 1920இல் கை வழக்கமே போய்விட்டது. தோள் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு ஆடினோம், ஓட்டை தெரியாமல் இருக்க ஹீரோவைக் கொஞ்சம் இருட்டில் நிறுத்தினோம்.

*

முதலில் எழுதியவருக்கு: காலத்தைக் கண்டுபிடிக்க கிரீடத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். 2022இல் சார்லஸ் மன்னர் மறுபடி அந்த உருண்டை வளைவுக் கிரீடத்தையே எடுத்துக்கொண்டார், புது பேட்ஜிலும் அதுதான் வருகிறது. ‘போர்க் காலத்துப் பொருள்’ என்று ஒருவர் என்னிடம் நீட்டியது அச்சிலிருந்து நேற்று வந்தது போல இருந்தது. நன்றாகப் புழங்கிய பழையதில் மேடான இடங்களில் வெண்கலப் பூச்சு தேய்ந்து அடியில் பித்தளை எட்டிப் பார்க்கும். இதில் மூலை முடுக்கெல்லாம் ஒரே நிறம். வேண்டாம் என்றேன், உடனே பாதி விலைக்கு இறங்கினார்.