புரோகிராமைத் திறந்தாலே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகிறது. கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பிச் சொல்கிறது

வெள்ளவத்தை மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் ரிக் (அனுப்பவும் கேட்கவும் ஒரே ரேடியோ) இரண்டாம் கை ஐகாம் 718. மூன்றாம் மாடி ஃபிளாட், மேலே மொட்டைமாடியில் ஒரு வயர் அன்டெனா. லிஃப்ட் ஓடும்போது எஸ் மீட்டர் (சிக்னல் அளவு காட்டுவது) இரைச்சலில் தானாக ஏறும். அதற்கு நான் பழகிவிட்டேன்.

பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறேன். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்க 18 பீக்கன்கள் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) வரிசையாக ஆளுக்குப் பத்துச் செக்கன் அனுப்புகின்றன அல்லவா, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. நம்முடைய இலங்கை பீக்கன் 4எஸ்7பி-யும் அதில் ஒன்று. 14.100-இல் முடித்ததும் அதே பீக்கன் 18.110-க்குப் போகும், பிறகு 21.150, 24.930, 28.200. ரிக்கும் அதன் பின்னாலேயே பாண்ட் மாறிக்கொண்டு போகவேண்டும், எது கேட்டது என்று நான் குறிக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. கிட்ஹப்பில் எல்லாருக்கும் திறந்து வைக்க நினைக்கிறேன்.

புறக்கோட்டையில் வாங்கிய சிஎச்340 யுஎஸ்பி-சீரியல் கேபிளில் நானே கொஞ்சம் ஈயம் வைத்து, ரிக்கைக் கணினியால் இயக்கும் சிஐ-வி ஜாக்குக்கு இழுத்திருக்கிறேன். அதே கேபிளின் ஆர்டிஎஸ் வயரிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாக பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்குத் தள்ளும் சுவிட்ச்). இப்போது இரண்டு வில்லங்கம்.

முதலாவது, அலைவரிசையை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டு ஆறு பைட் பதில் வாசிக்கிறேன். ஐந்தாவது பைட் எஃப்பி (FB) என்று வந்தால் சரி. எனக்கு 05 வருகிறது. ஆனால் ரிக்கில் அலைவரிசை ஒழுங்காக மாறியிருக்கிறது! அடுத்த முறை வாசித்தால் முழுக்கக் குப்பை.

இரண்டாவதுதான் பயம். புரோகிராம் தொடங்கும்போதெல்லாம் ரிக்கில் டிரான்ஸ்மிட் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருநாள் ரிக் எஸ்எஸ்பி என்ற குரல் முறையில், மைக் செருகியபடி, 14.100-இல் நின்றது. அம்மா சமையலறையில் சட்டி கழுவிய சத்தம் பீக்கன் அலைவரிசையில் எதுவரை போனதோ தெரியாது.

ஈயப்பற்று எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஆர்டிஎஸ் வயரைக் கழற்று. இதை வாசித்து முடிக்க முதலே கழற்று. நீ செய்வது கேட்கிற வேலை, அதற்கு பிடிடி எதற்கு?

சீரியல் போர்ட்டைத் திறந்த உடனேயே கணினி ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு கட்டுப்பாட்டு வயர்களையும் உயர்த்திவிடும். அது மோடம் காலத்துப் பழக்கம். பைசீரியலில் (பைதனின் சீரியல் நூலகம்) போர்ட்டின் பெயரைக் கொடுத்தபடியே ஆப்ஜெக்டை உருவாக்கினால் அந்த நொடியே திறந்துவிடும். பெயர் கொடுக்காமல் உருவாக்கி, இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கி, அப்புறம் பெயரைக் கொடுத்துத் திற. லினக்ஸில் அப்படிச் செய்தாலும் கண் சிமிட்டுகிற நேரம் எழும்பி இறங்கும். அதனால்தான் வயரைக் கழற்று என்கிறேன். பிற்காலத்தில் எஃப்டி8 (FT8 என்ற டிஜிட்டல் முறை) செய்கிறபோது மாட்டு, அதுவும் முதல் நாள் அன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடில். என் காலத்தில் இப்படி ஒரு பைனல் டிரான்சிஸ்டரை நானே கருக்கியிருக்கிறேன். விலையைச் சொன்னால் நீ இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுவாய்.

அந்த 05 பிழையே இல்லை. சிஐ-வி என்பது ஒரே வயர். அனுப்புவதும் கேட்பதும் அதிலேதான், ஆகவே நீ சொன்னது உன் காதுக்கே முதலில் வரும். 14.100-க்கு நீ அனுப்புவது, பதினாறடிமான எண்ணில், இதுதானே: எஃப்ஈ எஃப்ஈ 5ஈ ஈ0 05 00 00 10 14 00 எஃப்டி. எண்ணிப்பார், பதினொரு பைட். ஐந்தாவது எது? 05. நீ வாசித்தது உன் குரலைத்தான். ரிக்கின் பதில் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது: எஃப்ஈ எஃப்ஈ ஈ0 5ஈ எஃப்பி எஃப்டி. மூன்றாவது பைட் யாருக்கு, நான்காவது யாரிடமிருந்து; 5ஈ ரிக், ஈ0 உன் கணினி. ஈ0-க்கு வருவதை மட்டும் எடு.

பைட் எண்ணி வாசிக்காதே, முடிவைக் குறிக்கும் எஃப்டி (FD) வரும்வரை வாசி. இல்லாவிட்டால் நீ டயலைத் திருப்பினாலே புரோகிராம் குழம்பும். டிரான்ஸீவ் என்ற அமைப்பு ஓனில் இருந்தால் ரிக் கேட்காமலே புதிய அலைவரிசையை 00 என்ற பொது முகவரிக்குச் சொல்லும். உன்னைப் பார்த்துச் சொல்வதில்லை அது, ஊரைப் பார்த்துச் சொல்வது.

எதிரொலியைத் தொல்லை என்றும் நினைக்காதே. அனுப்பியதும் திரும்பிக் கேட்டதும் ஒன்றாக இல்லாவிட்டால் வயரில் இரண்டு பேர் ஒரேயடியாகக் கதைத்திருக்கிறார்கள், மறுபடி அனுப்பு.

கொட்டாஞ்சேனை லூப் எழுதியது:

ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் இதையெல்லாம் ஏன் தம்பி கையால் எழுதவேண்டும்? ஹாம்லிப் என்ற ரிக் கட்டுப்பாட்டு நூலகம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆட்கள் சேர்ந்து எழுதிவருவது. அதன் ரிக்சிடிஎல்டி (rigctld) என்ற சேவையை ஓடவிட்டால் 4532 நெட்வொர்க் போர்ட்டில் காத்திருக்கும். பெரிய எஃப் ஒன்றும் ஹெர்ட்ஸில் அலைவரிசையும் அனுப்பினால் முடிந்தது. எதிரொலி, பிசிடி (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம்), தலைகீழ் பைட் எல்லாம் அதன் தலைவலி. ஆர்டிஎஸ் நிலையை ஓஃப் ஆக்கவும் அதில் அமைப்பு உண்டு. நாளைக்கு ஒருவர் யேசூ (Yaesu) 817 ரிக்கோடு வந்தால்? அதற்கு அனுப்புவது எல்லாமே ஐந்து பைட், கட்டளை கடைசியில் வரும். கென்வுட் என்றால் வெறும் எழுத்து, முடிவில் அரைப்புள்ளி. மூன்றையும் நீங்களா எழுதப்போகிறீர்கள்? மாடல் 1 டம்மி ரிக்; பஸ்ஸில் போகும்போதும் ரிக் இல்லாமல் சோதிக்கலாம். ஹாம்லிப் நூலகம் எல்ஜிபிஎல் (தளர்வான திறந்த மூல உரிமம்), அதனால் உங்கள் புரோகிராமுக்கு எந்த உரிமமும் வைக்கலாம்.

ஈயப்பற்று எழுதியது:

ஒருக்கா கையால் எழுதட்டும். பிறகு ஹாம்லிப்புக்குப் போகட்டும். இல்லையென்றால் அது உடைகிற நாளில் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

வெள்ளவத்தை மொட்டைமாடி எழுதியது:

இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். வயரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன், விளக்கு எரிவதில்லை. முதலில் எஃப்டி வரை வாசிக்கும்படி எழுதினேன். இருபது வரிகூட இல்லை, குப்பை நின்றது. ஞாயிறு முழுக்க இருந்து அதைத் தூக்கி வைத்துவிட்டு ஹாம்லிப்புக்கு மாற்றினேன். பழைய கோப்பையும் களஞ்சியத்தில் விட்டிருக்கிறேன், படிக்கிற ஆட்களுக்கு.

ஒரு வேடிக்கை. சுற்று யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஓடுவதால் நேர வித்தியாசத்துக்கு நாலு வரி எழுதி வைத்திருந்தேன். நமது ஐந்தரை மணி என்பது 330 நிமிடம், மூன்றால் மீதியின்றி வகுபடும். நாலு வரியையும் அழித்தேன். கொழும்பு மணிக்கூட்டிலேயே ஒவ்வொரு சுற்றிலும் 1 நிமிடம் 30 செக்கனில் 4எஸ்7பி-யின் முறை 14.100-இல் வரும்.

நேற்று இரவு இஸ்ரேல் பீக்கன் 4எக்ஸ்6டியூ-வின் நான்கு கோடுகளில் (பெயருக்குப் பின் வாட் குறைத்துக் குறைத்து அனுப்பும் நீண்ட ஒலிகள்) இரண்டு கேட்டது: 100 வாட், 10 வாட். ஒரு வாட்டில் லிஃப்ட் வந்துவிட்டது. ரீட்மீயில் முதல் வரி, “இது கேட்கிற புரோகிராம், கதைக்காது.” 28.200 மட்டும் மூன்று இரவாக வெறும் இரைச்சல். என் புரோகிராமில் பிழையா?

ஈயப்பற்று எழுதியது:

இரவில் பத்து மீற்றரில் (28 மெகாஹெர்ட்ஸ் பாண்ட்) என்ன தம்பி கேட்கும்? பகலில் ஓடவிட்டுப் பார்.