‘பஞ்சமர்’ பிந்தி வந்த நாவலா?

சுன்னாகத்தான்: யாழ்ப்பாண இலக்கியம் தன் காலத்து வரலாற்றை உடனுக்குடன் பதிவு செய்தது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது. தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் எங்கள் சுன்னாகத்தில் புறப்பட்டது 1966 ஒக்டோபர் 21இல். பொலிஸ் தடியால் அடித்தும் சனம் கலையாமல் யாழ்ப்பாண நகரத்து முற்றவெளி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சாதிக் கொடுமையைச் சொல்லும் கே. டானியலின் நாவல் ‘பஞ்சமர்’ வந்தது 1972இல். ஆறு வருஷம்! இதுவா உடனுக்குடன்?

பனங்கூடல்: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம். டானியல் கரையில் நின்று பார்த்தவரில்லை, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் இறங்கி வேலை செய்தவர். தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்கு அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ‘நாவல் எங்கே?’ என்று கேட்பீர்களா?

சுன்னாகத்தான்: அவர் இறங்கியதை யார் மறுத்தது? நான் கேட்டது ஆண்டுக் கணக்கு. 1966, 1972. கழித்துப் பாருங்கள்.

நாவாந்துறையாள்: ஒரு நாவலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் அண்ணை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேல் புத்தகங்கள். அந்தச் சூட்டிலேயே கவிஞர் எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதினார். சுட்டுக் கொல்லப்பட்ட புத்தரின் உடலைப் புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள். அந்த ஆண்டில் எங்கள் நெஞ்சில் விழுந்த அடியை எந்த அறிக்கை இப்படிச் சொன்னது?

சுன்னாகத்தான்: கவிதையை ஒரே இரவில் எழுதலாம். நான் கேட்டது நாவலை. அதோடு நுஃமான் கல்முனைக்காரர். யாழ்ப்பாணக் கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள்?

நாவாந்துறையாள்: அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். கிழக்கு ஆட்கள் என்றால் உங்களுக்கு எப்போதும் ஒரு இளக்காரம். எனக்கு அம்மா வழி மட்டக்களப்பு. இந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

பனங்கூடல்: போன மாதம் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ பற்றிப் பேசியபோது அவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியார் என்று தலையில் வைத்து ஆடினீர்களே! தேர் வடம் பிடிக்க வந்தவனை அடித்துக் கொன்றதைச் சொல்கிற கவிதை அது. அப்போது கவிதை கணக்கில் வந்தது, இப்போது வராதோ?

சுன்னாகத்தான்: போன மாதத்தை இழுத்துக் கதையை மாற்றாதீர்கள். ஆறு வருஷத்துக்குப் பதில் எங்கே?

கனடா வேலன்: பழைய சாதிக் கதையை ஏன் கிளறுகிறீர்கள்? வேறு வேலை இல்லையா?

சுன்னாகத்தான்: பழைய கதையா? 1968இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் உள்ளே போகாமல் மாவிட்டபுரம் கோயில் வாசலை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து பதினொரு வருஷத்துக்குப் பிறகும் படித்த மனிசன் வாசலில் நின்றார். குளிரில் இருந்துகொண்டு எனக்கு வேலை சொல்லித்தர வேண்டாம்.

கனடா வேலன்: ஊரில் இருப்பவனுக்குத்தான் வாய் இருக்கிறதோ? நாங்கள் அனுப்பிய காசில்தானே உங்கள் கோயில்களுக்குக் கோபுரம் ஏறுகிறது!

பனங்கூடல்: சுன்னாகத்தான், நீங்கள் சொன்ன அந்த வாசல், அந்த மறியல், அதைப் பார்த்து வந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்துதான் ‘பஞ்சமர்’. 1966இலேயே எழுதியிருந்தால் 1968 அதற்குள் எப்படி வரும்?

சுன்னாகத்தான்: அப்படியென்றால் ‘உடனுக்குடன்’ என்ற சொல்லை முதலில் எடுங்கள். 1966இல் சனத்தின் கையில் இருந்தது துண்டுப் பிரசுரம். நாவல் இல்லை.

பனங்கூடல்: எடுக்க மாட்டேன்.

நாவாந்துறையாள்: கல்முனை பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை, அண்ணை.